காலையில் மட்டும் கேட்கும் சத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மன்னார்குடியில் மூன்று நாளாக விடாத மழை. பட்டறை வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். வேலை இல்லை. போனில் சொல்லி முடிக்காததை எழுதிவிடுகிறேன்.

வண்டியை எடுத்ததும் டிக் டிக்கென்று கேட்கிறது, பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது என்றாய். அங்குள்ள மெக்கானிக் வால்வைத் தள்ளும் டேப்பெட் என்கிறாராம். பார்க்காத வண்டிக்கு நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனாலும் எனக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல்தான் சந்தேகம், இன்ஜின் புகையைத் திரட்டி வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்த்தொகுப்பு அது. வார்ப்பிரும்பில் விழுந்த விரிசல் வழியே புகை டிக் டிக்கென்று கசியும், சூடேறி இரும்பு விரிந்தால் விரிசல் மூடிக்கொள்ளும். ஆறினால் மறுபடி வாய் திறக்கும்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்குத் தாத்தா இரும்புப் பட்டை போட்டதை நீ பார்த்ததில்லை. வறட்டி நெருப்பில் பழுத்த வளையத்தைச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார். அது சுருங்கிப் பிடிக்கும்போது மரம் முனகும். உன் வண்டியிலும் அதே கூத்துதான், தினமும். பெட்ரோல் இன்ஜினை விரட்டினால் புகையின் சூடு 800, 900 டிகிரி செல்சியசுக்குப் போகும். அரை மீட்டர் வார்ப்பிரும்பு 600 டிகிரி சூடேறினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதைத் தாங்கும் அலுமினிய ஹெட்டோ, அதாவது இன்ஜினின் மேல்பகுதியோ, தண்ணீரில் குளிர்ந்துகொண்டிருப்பதால் அவ்வளவு நீளாது. இந்த இழுபறிக்காகத்தான் மேனிஃபோல்டின் ஓரத்துத் துளைகளை, அதை ஹெட்டோடு பிணைக்கும் ஸ்டட் என்ற திருகுக் கம்பியைவிடப் பெரிதாக விட்டிருப்பார்கள்.

போன மாதம் ஒரு வண்டி வந்தது. மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே அடைப்பாக இருக்கும் கேஸ்கெட்டை மாற்றிய புண்ணியவான் ஸ்பேனரில் குழாயைச் செருகி முறுக்கியிருக்கிறார். ஓரத்து ஸ்டட் அறுந்திருந்தது. மேனிஃபோல்டின் இரண்டாவது, மூன்றாவது குழாய்களின் நடுவே தலைமுடி போல ஒரு கோடு, இருபுறமும் கரி. நகத்தை ஓட்டினால் இடறியது.

நீயும் இன்ஜின் ஆறியபின் டார்ச் அடித்துக் கரி தெரிகிறதா என்று பார். தெரிந்தால் தள்ளிப்போடாதே. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உண்டு. அதற்கு வாசனை கிடையாது. விரிசல் என்றால் வெல்டிங் வேண்டாம். பதமாகச் சூடேற்றாமல் பற்றவைத்தால் பக்கத்திலேயே மறுபடி விடும். வேறு மேனிஃபோல்டு வாங்கு, பணம் அனுப்புகிறேன். சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரெஞ்சு வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு முறுக்கச் சொல். கூடவே நில்.

பொங்கலுக்கு அந்த வண்டியிலேயே வா. வந்த இரவு முழுக்க அது ஆறட்டும். விடியற்காலையில் நீ எழுவதற்குள் நானே ஸ்டார்ட் செய்து கேட்டுக்கொள்கிறேன். சாவியை மட்டும் ஆணியில் மாட்டிவிட்டுப் படு.

அப்பா