நெல்லை எழுச்சி ஸ்கிராப் புக்: வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. நூலகத்துக்கு இரண்டு மின்விசிறி வாங்கிக் கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அறிக்கையின் மிச்சப் பகுதி முழுவதையும் ஒரே வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன்: 1908 மார்ச் 13 நெல்லை எழுச்சி, அதாவது வ.உ.சி. கைதானதற்கு மறுநாள் ஊர் கொதித்தெழுந்தது பற்றி மாணவர்கள் செய்த ஸ்கிராப் புக். அடுத்த முறை செய்கிறவர்கள் அதே இடத்தில் சறுக்காதிருக்க, அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

தலைப்பைச் சுருக்கியதுதான் முதல் நல்ல காரியம். 'வ.உ.சி. வாழ்க்கை' என்று எடுத்திருந்தால் 1872 ஓட்டப்பிடாரத்தில் தொடங்கி 1936 வரை ஓடி, அதே தலைப்பாகைப் படம் பத்துப் பக்கத்தில் வந்திருக்கும். சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவான 1906 அக்டோபரில் தொடங்கி, 1908 ஜூலை 7 தீர்ப்போடு நிறுத்துவது என்று எல்லை போட்டோம். மொத்தம் 24 தாள். தலைப்புக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று, கப்பலுக்கு ஐந்து, தூத்துக்குடி கோரல் நூற்பாலை (கோரல் மில்) வேலைநிறுத்தத்துக்கு நான்கு, மார்ச் 9 முதல் 13 வரையான ஐந்து நாளுக்கு மட்டும் எட்டு, வழக்குக்கு மூன்று. இரண்டு தாள் வெறுமனே விட்டது. பிறகு ஏதாவது கிடைத்தால் ஒட்ட இடம் வேண்டும்.

ஒட்டுவது வலப்பக்கத்தில் மட்டும். இடப்பக்கம் முழுக்க, ஒட்டியது எங்கிருந்து வந்தது என்பதற்கு. ஒவ்வொரு பொருளுக்கும் நாலு வரி: என்ன, எங்கே கிடைத்தது, யார் எப்போது நகலெடுத்தது, நகலா நாம் செய்ததா. அசல் எதையும் ஒட்டக் கூடாது. வீட்டிலிருந்து யாராவது பழைய காகிதம் கொண்டுவந்தால் நகலெடுத்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த நாலாவது வரியைப் பிள்ளைகள் மறந்துபோனார்கள். அதனால் அதை மூலையில் ஏற்றினோம். படத்தைப் பிடிக்கும் காகித மூலை நீலமானால் நகல், சிவப்பானால் நாம் செய்தது. மூலை செய்ய 4 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு போதும். நடுவைப் பிடித்துக்கொண்டு இரண்டு முனையையும் செங்குத்தாகக் கீழே மடித்தால் முக்கோணத் தலையும் இரண்டு வாலும் வரும். படத்தின் மூலையைத் தலைக்குள் செருகி, வாலுக்கு மட்டும் பசை தொட்டுத் தாளில் அழுத்த வேண்டும். படத்தில் பசையே படாது. எப்போது வேண்டுமானாலும் உருவலாம். ஒரு படத்துக்கு நாலு; ஒரு ஏ4 தாளில் நூறு மூலைக்குக் குறையாமல் வெட்டலாம்.

தாள் விஷயத்தில் ஆரம்பத்திலேயே ஏமாந்தோம். கடையில் ஸ்கிராப் புக் என்று விற்பதில் பெரும்பாலும் மெல்லிய கலர்த் தாள். பசை பட்டதும் அப்பளமாகிவிடும், நாள் போனால் நிறமும் போய் ஓரம் நொறுங்கும். 180 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ் தாள் (கனத்த ஓவியத் தாள்), ஏ3 அளவில் வாங்கியதுதான் தாங்கியது. வாங்கும்போது நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். தாளை இரண்டு பக்கமும் வளைத்தால் எந்தப் பக்கம் இணங்கி வளைகிறதோ, அந்த மடிப்பின் போக்குதான் நாரின் போக்கு. அது புத்தக முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே போனால் தாள் படியாது. ஈரம் பட்டால் முதுகருகே அலை அலையாக நிற்கும்.

பசையில் மூன்று பாடம். பெவிகாலை அப்படியே பிழிந்தால் தாள் நெளியும்; கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, அகலத் தூரிகையால் மெல்லிசாக நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுக்க வேண்டும். மைதாப் பசை தாளுக்கு இதமானது: ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். கட்டியில்லாமல் பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் பளபளப்பு வரும்வரை கிண்டி, ஆறியதும் துணியில் வடிகட்டவும். மறுநாளே புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்குத்தான் காய்ச்ச வேண்டும். இதன் குறை, ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் இது விருந்து. பைண்டிங்காரர்கள் சிலர் அதற்காக மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை படும் வேலையில் வேண்டாம். மூன்றாவது, செல்லோடேப். இதற்கு விதிவிலக்கே கிடையாது. காலப்போக்கில் பிளாஸ்டிக் உரிந்து வந்துவிடும், மஞ்சள் பிசின் தாளுக்குள் இறங்கிவிடும், எடுக்கவே முடியாது. ஸ்டேப்ளர் பின்னும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் துருவேறி எழுத்தைத் தின்றுவிடும்.

ஒட்டிய தாளை வெயிலில் காயப்போடக் கூடாது. ஒரு பக்கம் முந்திக் காய்ந்து சுருளும். மேலும் கீழும் வெள்ளைத் தாள் வைத்து, பலகை போட்டு, பேப்பர் சுற்றிய இரண்டு செங்கல்லை ஏற்றி ஒரு ராத்திரி விட வேண்டும். பெரிய படமானால் தாளின் பின்பக்கத்திலும் அதே அளவு வெற்றுத்தாள் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும்.

படம் எடுப்பது லேசர் பிரிண்ட் அல்லது ஜெராக்ஸாக இருக்கட்டும். இங்க்ஜெட் பிரிண்டில் பசை பட்டதும் மை கசிந்தது. பி.வி.சி. உறைக்குள் ஜெராக்ஸைப் போட்டு வைத்தாலும் ஆபத்து. எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தினசரித் தாள் நறுக்கையும் நகலாகவே ஒட்ட வேண்டும். நியூஸ்பிரிண்ட் தான் பழுப்பதோடு பக்கத்துத் தாளையும் பழுக்க வைக்கும். விளக்கங்களைத் தனித் துண்டில் எழுதி ஒட்டினால் எழுத்துப்பிழை ஒரு துண்டோடு போகும், பக்கம் தப்பிக்கும்.

இனி உள்ளடக்கத்தில் பிடிபட்ட தவறுகள். இவை பசையைவிட அதிக நேரம் தின்றன.

வரைபடத்தில் இன்றைய மாவட்ட எல்லையை டிரேஸ் எடுத்திருந்தார்கள். 1908இல் தூத்துக்குடி திருநெல்வேலி ஜில்லாதான். அது தனி மாவட்டமானது 1986இல், தென்காசி 2019இல். மறுபக்கம் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியையும் சேர்த்து வரைய வேண்டும். 1910இல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோதுதான் அவை பிரிந்தன. வரைபடத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் இருக்கும் இடத்தில் ஒருவர் ஈரடுக்குப் பாலம் வரைந்து வண்ணமும் தீட்டிவிட்டார். அது வந்தது 1970களில். 1843 முதல் நிற்கும் சுலோச்சன முதலியார் பாலம்தான் அங்கே இருக்க வேண்டியது. திருநெல்வேலி டவுனையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் அந்தப் பாலத்தைத் தாமிரபரணிக்கு மேல் மடக்கி நிமிர்த்தும் அட்டையாகச் செய்தார்கள், நன்றாக வந்திருக்கிறது.

கப்பல் பக்கத்தில் மாதிரிப் பங்குப் பத்திரம் ஒன்று. கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், ஆக 40,000 பங்கு. கணக்கு பத்திரத்திலேயே சரிபார்க்கும்படி போட்டாயிற்று. முதலில் அதில் ₹ குறி இருந்தது. அந்தக் குறி 2010இல் வந்தது, எடுத்துவிட்டோம். பத்திரத்தைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்கும் யோசனையும் வந்தது. ஈரம் சரியாகக் காயாவிட்டால் பூசணம் பிடிக்கும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், பத்து வருஷம் கழித்து எடுத்துப் பார்க்கிறவர் அதை அசல் என்றே நம்பிவிடுவார். வெள்ளைத் தாளிலேயே அச்சிட்டு, சிவப்பு மூலை வைத்தோம். இன்றைய எழுத்துருவும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய 'ணை', 'லை' வடிவத்தைப் பாதி போட்டு பாதி விட்டால் இரண்டும் கெட்டான்.

பத்திரம் இருக்கும் உறையின் வாய் முதுகுப் பக்கம் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்தால் புத்தகத்தைத் தூக்கும்போதே நழுவும். மூன்று ஓரத்தில் 1 செ.மீ. அளவுக்கு மட்டும் பசை, நடுவில் கிடையாது.

1908 பக்கத்தில் 'கலெக்டர் ஆஷ்' என்று எழுதியது பலருக்கு வந்த பிழை. அப்போது கலெக்டர் விஞ்ச். ஆஷ் தூத்துக்குடியில் சப்-கலெக்டர். ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட மணியாச்சி நிகழ்ச்சி 1911 ஜூன் 17, நம் எல்லைக்கு வெளியே. நாள்வரிசையும் குழம்பியது. கோரல் மில் வேலைநிறுத்தம் பிப்ரவரி 27இல் தொடங்கியது. மார்ச் 9 வங்கத் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையான நாள். மார்ச் 12 வியாழன் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் கைது. வெள்ளிக்கிழமை ஊர் கொதித்தது. ஒவ்வொரு நாளுக்கும் தாளின் ஓரத்தில் ஒரு தாவல் (நீட்டிய காகித நாக்கு). தேதியோடு கிழமையையும் போட்டதால் பிழை உடனே கண்ணில் பட்டது.

மார்ச் 13 பக்கத்துக்கு 1918 அரசாங்க விசாரணைக் குழு அறிக்கையில் நல்ல விவரம் இருக்கிறது. டவுனில் சார் பதிவாளர் அலுவலகம் ஒன்று தவிர எல்லா அரசுக் கட்டடங்களும் தாக்கப்பட்டன, நகராட்சி அலுவலகம் எரிந்தது, பின்னர் 27 பேர் தண்டனை பெற்றார்கள் என்கிறது. இது ஆள்வோர் தரப்பு எழுதியது என்பதை இடப்பக்கத்தில் குறித்தாயிற்று. இந்தக் கட்டடங்களை இன்றைய அலுவலகங்கள் இருக்கும் இடத்தில் புள்ளியாக வைக்கக் கூடாது. டவுன் என்று பகுதியை மட்டும் நிழலிட்டோம். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அந்தத் தாளில் ஜிகினா, பார்டர் எதுவும் இல்லை. நான்கு கறுப்புச் சதுரம் மட்டும்.

வழக்குத் தாளில் நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனையைச் சுழல் அட்டையாகச் செய்தார்கள்: வ.உ.சி.க்கு 20-ம் 20-ம் ஆக 40 ஆண்டு, சிவாவுக்கு 10; மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் வ.உ.சி.யின் தண்டனையை 6 ஆண்டாகக் குறைத்தது. நடுவில் இரும்பு ஆணி வைக்காமல், சட்டைப் பொத்தானில் நூல் கோத்து முடிச்சிட்டால் துருவும் வராது, தாராளமாகவும் சுற்றும். வ.உ.சி.யை அன்று பேசவைக்கும் வசனம் எதையும் எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தோம். இரண்டு இடத்தில் எழுதியிருந்தது, கிழித்தாயிற்று.

கட்டுவதில்தான் கடைசி இடி. ஸ்பைரல் போட்டோம்; கனத்த தாள்களின் ஓட்டை பத்து நாளில் பிய்ந்தது. புத்தகமும் வாய் பிளந்து நின்றது: முதுகில் அரை செ.மீ., வாயில் நாலு செ.மீ. டவுனில் பைண்டிங் செய்யும் அண்ணாச்சி ஒருவர் சொன்ன வழி இது. 3 செ.மீ. அகலத்தில் அதே தாளில் பட்டை வெட்டி, ஒவ்வொரு தாளுக்கும் இடையே முதுகில் வைக்க வேண்டும். சாதாரணத் தாளுக்கு இரண்டு, உறையும் சுழலும் உள்ள தாளுக்கு மூன்று நான்கு. ஓரத்திலிருந்து 1.5 செ.மீ. தள்ளிக் குத்தூசியால் ஐந்து ஓட்டை, மெழுகு தேய்த்த நூலில் தையல். மேலட்டையை 2 மி.மீ. அட்டையில் இரண்டு துண்டாக வெட்டி, நடுவே 6 மி.மீ. இடைவெளி விட்டுத் துணி ஒட்டினால் அட்டை மடங்கித் திறக்கும். இடைவெளி குறைந்தால் துணி ஓரத்திலேயே கிழியும்.

புத்தகம் மார்ச் 13 அன்று நூலக மேசையில் வைக்கப்பட்டது. இப்போது மர அலமாரியில், படுக்கவைத்த நிலையில் இருக்கிறது. நிறுத்தி வைத்தால் தையல் இழுபடும். உள்ளே பச்சை வேப்பிலை வைக்க வேண்டாம், ஈரம் விடும்; மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டினாலே பூச்சி அண்டாது.

அடுத்த ஆண்டுக்கு 1799 கயத்தாறு, கட்டபொம்மன் தூக்கு என்று செயற்குழுவில் முன்மொழிவு வந்திருக்கிறது. அந்தக் காலத்துப் புகைப்படம் என்று எதுவும் இருக்க முடியாது. படம் எல்லாமே பின்னால் வரைந்தவை, ஏறக்குறைய முழுப் புத்தகமும் சிவப்பு மூலையாகும். செயற்குழுவில் பாதிப் பேர் அதனால்தான் வேண்டாம் என்கிறார்கள், மீதிப் பேர் அதனால்தான் வேண்டும் என்கிறார்கள். பொதுக்குழு முடிவு சொல்ல வேண்டும். எதுவானாலும் கார்ட்ரிட்ஜ் தாள் 40-ம் நூல் இரண்டு உருண்டையும் ஆடிக்குள் வாங்கிவிட ஒப்புதல் கேட்கிறேன்.

செயலாளர்