தோலோடு மிதக்கும், உரித்தால் மூழ்கும்

சிங்கப்பூர்

அன்புள்ள தோழி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் சுகம். முட்டிவலிதான் விட்டபாடில்லை, அது கிடக்கட்டும்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிதப்பதையும் மூழ்குவதையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து கரும்பலகையில் அட்டவணை மட்டும் போடாதே. ‘கல் மூழ்கும், கட்டை மிதக்கும்’ என்று ஒப்பித்துவிடுவார்கள். கேள்வி அதோடு செத்துப்போகும்.

எங்கள் பாலர்பள்ளியில் கே2, அதாவது கடைசி வருஷப் பிள்ளைகளைக் கேட்டால் ஒரே பதில்தான்: கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும். ஆறு வயசுக்கு அது ஒன்றும் மோசமான யோசனை இல்லை. அதை நாம் மறுக்கக் கூடாது, வாளியில் கிடக்கும் பொருளே மறுக்க வேண்டும். அதற்கு ஆரஞ்சுதான் லாயக்கு. தோலோடு போட்டால் மிதக்கும். எடுத்து உரித்து அதே வாளியில் போடு, பெரும்பாலும் நேரே அடியில் போய் உட்காரும். தோல் போனால் கனம் குறையத்தானே செய்யும், பிறகு ஏன் மூழ்குகிறது? ஒரு பையன் உரித்ததையும் உரிக்காததையும் இரு கையிலும் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். அப்புறம் தோலின் உள்பக்க வெள்ளையைக் கட்டைவிரலால் அமுக்கி, “பஞ்சு மாதிரி இருக்கு டீச்சர்” என்றான். காற்று அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பாதிப் பாடத்தை அவனே நடத்திவிட்டான்.

அடுத்து, தண்ணீர் தள்ளுவது கைக்குத் தெரிய வேண்டும். மூடிய காலி போத்தலை வாளிக்குள் அமுக்கச் சொல். அமுக்க அமுக்க எதிர்க்கும். தண்ணீர் மட்டமும் ஏறும். ஒதுங்கிய நீரின் எடை எவ்வளவோ அவ்வளவுதான் அந்தத் தள்ளல் என்ற ஆர்க்கிமிடீஸ் விதியெல்லாம் இந்த வயசுக்கு வேண்டாம். ‘அடர்த்தி’யும் சில வருஷம் காத்திருக்கட்டும். நமக்குத் தெரிந்தால் போதும். 100 கிராம் களிமண்ணை உருட்டிப் போட்டால் அதனால் 100 கிராம் நீரை ஒதுக்க முடியாது, மூழ்கிவிடும். அதையே கிண்ணமாக விரித்தால், 100 கிராம் நீரை ஒதுக்கும் ஆழம்வரை இறங்கி அப்படியே நிற்கும். பிறகு கோலிக்குண்டு ஒவ்வொன்றாக ஏற்றி, எப்போது கவிழும் என்று காத்திருப்பார்கள் பார், அதில்தான் உயிரே இருக்கிறது. மணி அடித்தாலும் நிறுத்தாதே.

உனக்கில்லாத வசதி ஒன்று எனக்கு உண்டு, கப்பல். 2024ல் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் மரின் பரேட் பக்கம் வந்ததிலிருந்து கடற்கரைக்குப் போவது சுலபம். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களில் சரக்கு இறக்கியதற்குக் கீழே அகலமாகச் சிவப்புச் சாயம் தெரியும். ஏற்றியதில் அது தண்ணீருக்குள் போயிருக்கும். எது காலி, எது நிறைந்தது என்று பிள்ளைகள் போட்டி போட்டுச் சொல்கிறார்கள். “இரும்பு எப்படி மிதக்குது?” என்று கேட்டேன். “உள்ள காத்து இருக்குல்ல, ஆரஞ்சுத் தோல் மாதிரி” என்றாள் ஒருத்தி. நான்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

தேவார வகுப்புக்குப் போகும் வாண்டு ஒன்று மடக்கியது: “அப்பரைக் கல்லோட கட்டிக் கடல்ல போட்டாங்களே, அவரு மிதந்தாரே!” பாட்டியைக் கேள் என்று நழுவிவிட்டேன். வேறென்ன செய்ய!

ஒரு உதவி செய். ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு துண்டு கருங்காலி கொடுத்தனுப்பு. மாலை வேண்டாம், இப்போது விற்பதில் எது அசல் என்றே தெரியவில்லை. தச்சுப் பட்டறையில் கேட்டு வாங்கிய கட்டையாக இருக்கட்டும். மரமும் மூழ்கும் என்றால் இங்கே ஒரு பிள்ளையும் நம்ப மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி