கிணற்றடிக் கல்லில் பெயர் இருக்கிறது, தண்ணீரைப் பற்றி ஒன்றுமில்லை

ஆசிரியருக்கு,

கனகராயன்குளத்துப் பக்கம் இருந்து எழுதுகிறேன். எங்கள் வளவுக் கிணற்றுக்கு உயிர் குளம்தான், மாரியில் குளம் நிரம்பினால் கிணற்றிலும் தண்ணீர் ஏறும், சிறுபோகம் முடிந்து குளம் வற்ற இங்கே அடி தெரியும். அப்போது ஊரே வீதியோரக் குழாய்க்கிணற்றுக்குப் போகும்.

அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி. கேத்திலில் மட்டும் வெள்ளையாகப் படியும், அதைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். சுண்ணாம்புதானே, கண்ணுக்காவது தெரிகிறது. பயப்பட வேண்டியது புளோரைட்டுக்கு, அதற்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. வன்னியின் பெரும்பகுதி கடும்பாறை நிலம், ஆழத்தில் பாறை வெடிப்புகளுக்குள் நெடுங்காலம் கிடக்கிற தண்ணீரில் அது கல்லிலிருந்து கரைந்து சேர்கிறது. இலங்கைத் தரத்தின்படி குடிதண்ணீரில் லீற்றருக்கு 1 மில்லிகிராம்தான் உச்சம். கூடினால், முரசுக்குள் பல் உருவாகும் வயதில் குடித்த பிள்ளைக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் போகாது.

கொதிக்க வைத்தால் சரி என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. கிருமிக்குச் சரி. புளோரைட்டும் வயல் உரத்திலிருந்து இறங்குகிற நைத்திரேற்றும் கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். அதற்காகத் திறந்த கிணறு சுத்தம் என்றும் சொல்ல வரவில்லை. எங்கள் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எத்தனை அடி என்று போன கிழமைதான் அளந்தேன், அந்தக் கணக்கை இங்கே எழுத வெட்கம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். அந்தக் குழாய்க்கிணறு அடித்த நேரம் போத்தலில் தண்ணீர் எடுத்துச் சோதனைக்குக் கொண்டு போனார்கள், நானே பார்த்தேன். முடிவு என்ன என்று கேட்டு இரண்டு தரம் அலைந்தேன், "அறிக்கை மேலே போய்விட்டது" என்றார்கள். குடிக்கிறது கீழே இருக்கிற நாங்கள். இப்போது வசதியுள்ளவர்கள் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீரைக் கானில் வாங்குகிறார்கள், தேவையா இல்லையா என்று தெரியாமலே.

கிணற்றடியில் அன்பளிப்புச் செய்தவர் பெயரும் திறப்புவிழாத் திகதியும் கல்லில் வெட்டியிருக்கிறது. நல்லது, நன்றியை மறக்கவில்லை. அதற்குக் கீழே நாலு வரி வேண்டும்: புளோரைட்டு இவ்வளவு, நைத்திரேற்று இவ்வளவு, சோதித்த திகதி, குடிக்கலாமா கூடாதா. கல்லில் வெட்டத் தேவையில்லை, பெயின்ற் போதும். மாரிக்கும் கோடைக்கும் அளவு மாறும், அழித்து எழுத அதுதான் வசதி.

ஒரு வாசகர்,
வவுனியா வடக்கு