வாசகர் வட்டச் செயலாளர் அறிக்கை, 2024–25
(கிளை நூலகம், திருப்பூர்)

தலைவர் அவர்களுக்கும் நூலகர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நூலக வார விழா வழக்கம்போல நவம்பர் 14 முதல் 20 வரை நடந்தது. பேச்சுப் போட்டி, பரிசளிப்பு எல்லாம் குறைவில்லாமல் முடிந்தன.

இந்த ஆண்டின் பெரிய வேலை வேறு. நூலகம் எல்லாருக்கும் பொது என்கிறோமே, உள்ளே வருவது யார் என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு உறுப்பினர் கேட்டார். நூலகர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். காலையில் ஓய்வுபெற்ற ஆண்கள், பகலில் போட்டித் தேர்வுப் பிள்ளைகள், மாலையில் மறுபடி ஆண்கள். பக்கத்து லைன் வீடுகளில் (வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில்) இருக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளர்களும், இல்லத்தரசிகளும், மாற்றுத்திறனாளிகளும் பதிவேட்டில் அநேகமாக இல்லை. வரக்கூடாது என்று யாரும் அவர்களைத் தடுத்ததில்லை. அப்புறம் ஏன் வரவில்லை என்று அவர்களிடமே போய்க் கேட்பது என்று முடிவு செய்தோம்.

மகளிர் குழுக் கூட்டத்தில் கிடைத்த பதில் நாங்கள் எதிர்பார்த்ததே இல்லை. "வாசல்லயே பேப்பர் மேசை. பத்து ஆம்பளைங்க நிமிந்து பார்க்கறாங்க. அதைத் தாண்டி எப்படிங்க உள்ள வர்றது?" மேசையைப் பின்கூடத்துக்கு மாற்றலாம் என்றதும் செயற்குழுவில் நடந்த வாக்குவாதம் பலருக்கும் நினைவிருக்கும். பின்கூடத்தில் வெளிச்சம் போதாது, காற்று வராது என்றார்கள் மூத்த வாசகர்கள். அது நியாயமான பேச்சுதான். டியூப்லைட்டும் ஃபேனும் போட்ட பிறகே மேசை நகர்ந்தது. இப்போது ஞாயிறு காலைகளில் முன்கூடத்தில் தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறார்கள். நாளிதழ் வாசகர் எவரும் நின்றுவிடவில்லை.

வடமாநிலத் தொழிலாளர்கள் விஷயம் இதைவிடச் சிக்கல். ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டாகும். நூலகம் பூட்டுவதும் எட்டுக்குத்தான். நமக்கு வார விடுமுறை வெள்ளி, ஞாயிறு திறந்திருக்கும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியவே இல்லை. பலகை தமிழில் மட்டும் இருந்தால் எப்படித் தெரியும்? இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைத்தோம். அடுத்த தடை உறுப்பினர் படிவம். ஆதாரில் ஒடிசா விலாசம், உள்ளூரில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. செயற்குழு உறுப்பினர்கள் சிலர் தாங்களே முன்வந்து கையெழுத்திட்டார்கள்.

"நம்ம வரிப்பணத்துல அவங்களுக்கு எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நூலகங்கள் நடப்பது நூலக வரியில். சொத்து வரியோடு சேர்த்து அதில் பத்து சதவீதம் கட்டுகிறோம். லைன் வீட்டின் உரிமையாளர் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுக்கிறார்? இந்தத் தொழிலாளர்கள் தரும் வாடகையிலிருந்துதான். இதைச் சொன்னதும் பேச்சு அடங்கியது. ஆனால் புத்தகத்துக்கு என்ன செய்வது? கொள்முதல் மேலிடத்தில் நடக்கிறது, நம் நூலகர் கையில் இல்லை. 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்று நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட விதியைச் சுவரில் மாட்டியிருக்கிறோம், எதிரே இருக்கும் அலமாரியில் கொள்முதலில் வந்த ஒடியா நூல் ஒன்றுகூடக் கிடையாது. ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்து கொடுத்த நூல்களே இப்போதைக்கு அந்த அலமாரி. அவர்களின் பிள்ளைகளோ நம் அரசுப் பள்ளியில் படித்து, தமிழ்ப் படக்கதைகளைத்தான் தேடி எடுக்கிறார்கள்!

பிரெய்ல் நூல்கள் வாங்கித் தர ஒரு புரவலர் முன்வந்தார். நல்ல மனது. ஆனால் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற இளைஞர்களைக் கேட்டபோது, பழைய வினாத்தாள்கள்தான் தேவை என்றார்கள். அவையெல்லாம் படமாக ஸ்கேன் செய்யப்பட்டிருப்பதால் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் திரைவாசிப்பு மென்பொருளால் படிக்க முடிவதில்லையாம். அவற்றைத் தட்டச்சு செய்யும் வேலையைக் கல்லூரி மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் போட்டாயிற்று, அது இலவசம். புரவலரின் பணத்தில் நல்ல ஹெட்போன்கள் வாங்கினோம், அவருக்கும் திருப்தி.

சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் பற்றி: முன்பு கட்டியது பைக் ஏற்றத்தான் உதவியது, அவ்வளவு செங்குத்து. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். நமக்கு ஒன்றரை அடி உயரம், நேராகக் கட்ட இடமில்லை. சுவரை ஒட்டித் திருப்பிக் கட்டியிருக்கிறோம், கைப்பிடியோடு. அதன் அடியில் வண்டி நிறுத்துவதை உறுப்பினர்கள் தயவுசெய்து விட வேண்டும்.

திருநங்கையர் இருவர் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறார்கள். அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும், அவர்கள் சொல்லும் பெயரில் அழைப்பது என்று நூலகர் ஏற்பாடு செய்திருக்கிறார்.

நடக்காதது கழிப்பறை. பெண்களுக்குத் தனியாக ஒன்று, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் ஒன்று என்று கேட்டு மனு கொடுத்தோம், நினைவூட்டலும் அனுப்பினோம். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலோடு கோப்பு நிற்கிறது. அது கிடைக்காதவரை பெண்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள் என்பது என் கருத்து. இன்றைய பொதுக்குழுவில் இதற்கெனத் தனித் தீர்மானம் முன்மொழிகிறேன். ஒடியா, இந்தி நூல்களைக் கொள்முதலில் சேர்க்கக் கோரும் தீர்மானம் இரண்டாவது.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்,
வாசகர் வட்டம்