தொப்பி கழன்ற மாத்திரை

அன்புள்ள மாப்ளைக்கு,

சித்திரையில் நீ அனுப்பிய படத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நம் நண்பன் தயிர்சாதத்துக்கு இரண்டாவதும் பெண். பெயர் வைத்த அன்றைக்கு உன்னைத்தான் தேடினான், நீ வழக்கம்போல டிமிக்கி.

சரி, அந்தப் படம். ஸ்ட்ரிப்பைப் பிரித்தால் மாத்திரையின் மேல் பாகம் மூடி மாதிரி தனியாகக் கிடந்தது. ஒரு பாட்டி அந்த மூடியை மட்டும் விழுங்கிவிட்டு மீதியை உன் மருந்துக் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார் என்று எழுதியிருந்தாய். கூடவே, "என்னடா செய்கிறீர்கள் அங்கே?" என்று ஒரு கேள்வி. எங்கள் ஃபேக்டரி மாத்திரை கூட இல்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. போன மாதம் எங்கள் இடத்திலேயே அது நடந்தபோதுதான் உன் கேள்வி சுட்டது.

இரவு ஷிஃப்ட், பாராசிட்டமால் 500. அதன் குணம் உனக்குத் தெரியும், பிராக்டிகலில் நாம் பட்ட பாடு கொஞ்சமா? அழுத்தினால் அமுங்கி அப்படியே நிற்காது. பொடியை அமுக்கும் பஞ்ச் மேலே எழுந்ததும் ஸ்பிரிங் மாதிரி திமிறும். துகள்களுக்கு நடுவே சிக்கிய காற்றும் அதே நேரத்தில் விரியும். பிடிமானம் குறைந்த இடத்தில் கீறல் விழும். தொப்பி கழன்றால் கேப்பிங், அடுக்கடுக்காகப் பிளந்தால் லேமினேஷன். மிஷினிலிருந்து விழும்போது பல மாத்திரைகள் முழுசாகத்தான் தெரியும். உள்ளே கீறலோடு உன் கடை வரைக்கும் கூட வந்துவிடும்.

அன்று ஃப்ரையபிலிட்டி, அதாவது உருட்டினால் எவ்வளவு தேய்கிறது என்று பார்க்க ஆறரை கிராம் மாத்திரையை டிரம்மில் போட்டு 4 நிமிடத்தில் 100 சுற்று விட்டோம். 1 சதவீதத்துக்கு மேல் தேயக் கூடாது என்பதெல்லாம் அப்புறம், இரண்டு மாத்திரை தொப்பியில்லாமல் வந்தன. ஒன்று பிளந்தாலே ஃபெயில். சூப்பர்வைசர் பிரஷரை ஏற்றச் சொன்னார். உடைகிறதா, இன்னும் இறுக்கு என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் இறுக்க இறுக்கத் திமிறலும் கூடுகிறது. அடுத்த சுற்றில் ஐந்து பிளந்தன.

எங்கள் ஆபரேட்டர் அண்ணன் அந்த மிஷினோடு 20 வருஷம் இருப்பவர். ஷிஃப்ட் தொடங்கும்போதே கிரானுல்ஸை, அதான் அமுக்கப்போகும் மருந்துக் குருணையை, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கடல் மணல் மாதிரி ஓடுது, ஈரமே இல்ல" என்றார். நான் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன், மாப்ளே. நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

வேகத்தைக் குறைத்தோம், பஞ்ச் அமுக்கி வைத்திருக்கும் நேரம் கூடட்டும் என்று. காற்று முன்னாடியே வெளியேற முதலில் லேசாக அமுக்கும் பிரீ-கம்ப்ரஷனை ஏற்றினோம். கொஞ்சம் அடங்கியது, நிற்கவில்லை. மாத்திரை உருவாகும் குழியான டையைக் கழற்றிப் பார்த்தோம். பழைய டையாக இருந்தால் அமுக்கும் இடத்தில் வளையமாகத் தேய்ந்துவிடும், மாத்திரை அங்கிருந்து மேலே ஏறும்போது நெரிபட்டுத் தொப்பி கழலும். எங்கள் டையில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் குருணையில் எவ்வளவு ஈரம் என்று எல்.ஓ.டி போட்டால் 0.6 சதவீதம். எங்கள் வரம்பே 1.5-இல்தான் தொடங்குகிறது. ஷிஃப்ட் மாறும் முன் எடுத்த சாம்பிள் சரியாக வந்திருக்கிறது, அதற்குப் பிறகும் குருணையைக் காயவைக்கும் டிரையர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. குருணை காற்றில் காய்ந்து, ஒன்றோடொன்று மோதி நொறுங்கி, சலித்தால் எக்கச்சக்கமாகத் தூள். தூள் கூடினால் காற்றும் கூடச் சிக்கும். துகளை ஒட்டவைக்கும் பைண்டர் பிடிக்கவும் கொஞ்சம் ஈரம் வேண்டும். புட்டுக்குப் பிசிறும் மாவில் ஈரம் போதாவிட்டால் கையில் பிடி நிற்குமா?

லாட்டை நிறுத்தினோம். மறுநாள் மெமோ யாருக்கு வந்தது தெரியுமா? அண்ணனுக்கு. மிஷினைக் கவனிக்கவில்லையாம்! இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. தப்பு எந்த அறையில் நடந்தாலும் அது கண்ணில் படுவது கம்ப்ரஷன் அறையில்தான், அடி வாங்குவதும் அங்கே நிற்பவர்தான். முன்பு ஒரு தடவை ஹார்ட்னெஸ் ஏறவே மாட்டேன் என்றது. மிஷினில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட் போட்ட பிறகு பிளெண்டரைக் கூடுதலாகச் சுற்றவிட்டிருந்தார்கள். ஸ்டியரேட் துகளைச் சுற்றிப் பூசிக்கொண்டால் ஒன்றோடொன்று ஒட்டாது, வயிற்றில் கரைவதும் தாமதமாகும். அன்றைக்கும் பேச்சு வாங்கியது மிஷின்காரர்தான். இப்போது மழை வேறு. அறையில் ஈரப்பதம் ஏறினால் பஞ்சில் பொடி ஒட்டி, மாத்திரையில் பொறித்த எழுத்தின் நடுப்பகுதி பிய்ந்து வரும். அதற்கும் அவரையே கேட்பார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அப்படி உடைந்த ஸ்ட்ரிப் வந்தால் மாற்றிக் கொடுத்துவிட்டுத் தூக்கிப் போடாதே. பேட்ச் எண்ணோடு கம்பெனிக்கு எழுது. புகார் போனால் அந்த பேட்சில் எடுத்து வைத்த சாம்பிளைத் திறந்து பார்க்க வேண்டிவரும். அந்தப் பாட்டிக்கும் சொல், மூடி மட்டும் விழுங்கினால் மருந்து முழுசாகப் போகாது.

திங்கட்கிழமை அண்ணனுக்கு விசாரணை. டிரையர் பதிவை எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அவர் முதலில் என்னிடம்தான் சொன்னார், நான்தான் நிறுத்தவில்லை என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. செவ்வாய் இரவு போன் செய்.

உன்
பழைய ரூம்மேட்