கைப்பிடியைச் சுற்றவிடும் முன்

கணக்கு இயந்திரங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பார்வையாளர்கள் தொட்டுப் பார்க்கட்டும் என்று நீங்கள் மேசைமேல் வைத்த, கைப்பிடியைச் சுற்றிக் கணக்கிடும் ஓட்னர் வகை இயந்திரம் பாதிச் சுற்றில் இறுகி நிற்கிறது. நாங்கள் கேட்பது ஒன்றே: உள்ளே சுத்தம் செய்து முடிக்கும்வரை அதைப் பொதுமக்கள் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள்.

கைப்பிடியில் கோளாறு இல்லை. சிக்கிக் கிடப்பது இனமாற்ற நெம்புகோல். ஓர் இலக்கம் 9-லிருந்து 0-க்குப் புரளும்போது இது சாய்ந்து, அடுத்த இடத்தில் ஒன்றைக் கூட்ட வைக்கும். பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பழைய எண்ணெய் பிசினாகிப் பிடித்துக்கொண்டால் திரும்பாது, விடை பிசகும். அந்த நிலையில் பலங்கொண்டு சுற்றினால் நெம்புகோல் வளையும், சக்கரத்தில் பல்லாக நீளும் முளை ஒடியும். ஒடிந்ததற்கு மாற்று வேண்டுமென்றால் இன்னோர் இயந்திரத்தைப் பிரித்தாக வேண்டும். ஒன்றைக் காக்க ஒன்றைக் கொல்வதா?

துருநீக்கி ஸ்பிரேயும் இனி வேண்டாம். அது பிசினை இளக்கி இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். பின்னர் மறுபடி இறுகும். மூடியைக் கழற்றி, ஒயிட் ஸ்பிரிட் என்னும் கரைப்பானில் நனைத்த தூரிகையால் பிசினைக் கரையுங்கள். எண்களின் வண்ணத்தில் படக்கூடாது. நன்றாகக் காய்ந்ததும் அச்சுகளில் மட்டும் கடிகார எண்ணெய், இடத்துக்கு ஒரு சொட்டு.

சோதிப்பது எளிது. விடைப் பகுதியைப் பூச்சியமாக்கி, ஒன்றின் இடத்தில் 1 வைத்து ஒருமுறை எதிர்த்திசையில் சுற்றுங்கள்: இனமாற்றம் எட்டும் இடம்வரை 9 வரிசையாக வர வேண்டும். நேர்த்திசையில் ஒரு சுற்று, எல்லாம் 0. எங்கே பிசகுகிறதோ அங்கே இன்னும் பிசின் இருக்கிறது. பூச்சியமாக்கும் திருகை முழுச்சுற்று சுற்றாமல் விட்டாலும் கைப்பிடி பூட்டிக்கொள்ளும். அதை முதலில் பாருங்கள்.

விளக்கப் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. "பழங்காலக் கணினி" என்று இரண்டே சொல். 1820-இல் பிரெஞ்சுக்காரர் தோமாவின் அரித்மோமீட்டர் என்ற கணக்கு இயந்திரம், லைப்னிட்ஸ் முன்பே வகுத்த படி உருளையை, அதாவது பற்களின் நீளம் படிப்படியாக மாறும் உருளையை, நம்பியது. 1870-களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்வீடன் பொறியாளர் ஓட்னர் அந்தக் கனத்த உருளைக்குப் பதில் முளை நீளும் மெல்லிய சக்கரங்களை வைத்து இயந்திரத்தையே சிறிதாக்கினார். ஒரு சக்கரத்துக்கு ஒன்பது முளை. இதை எழுதப் பலகையில் இடமில்லையா? கணினி என்ற சொல்லே இங்கே பிழை: நிரலை ஏற்கும் உறுப்பு இதில் எதுவுமே இல்லை.

கோபத்தில் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள்க. இன்றே மேசையிலிருந்து எடுங்கள். சுத்தமானபின் பழகிய ஒருவர் சுற்றிக் காட்டட்டும், தொடங்கிய சுற்றைப் பாதியில் திருப்பாமல்.

இப்படிக்கு,
கணக்கு இயந்திரங்களைப் பழுதுபார்ப்போர்