போர்வை போதும், இப்போது சாவி வேண்டும்

அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

போன முறை தெருவில் படுப்பவர்களுக்காகப் போர்வை கேட்டோம், அள்ளிக் கொடுத்தீர்கள். ஆனால் ஒளிக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறோம்: முந்தின வருடம் வாங்கிய அதே ஆட்கள்தான் போன வருடமும் வரிசையில் நின்றார்கள், அதே கடை வாசல், அதே படிக்கட்டு. போர்வை மட்டும்தான் புதுசு. அதனால் இந்த முறை வேறு ஒன்று கேட்கிறோம், வாடகை அட்வான்ஸுக்கு ஒரு பொது நிதி.

முதலில் குடியை விடட்டும், ஒரு வேலையில் சேரட்டும், வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எங்கள் குழுவிலேயே பாதிப் பேர் சொல்லிக்கொண்டிருந்தோம். ராத்திரி முழுக்கச் செருப்பையும் பையையும் காவல் காத்துவிட்டு விடியற்காலையில் கண்ணயர்கிறவர் எப்போது எழுந்து வேலை தேடுவது? விலாசம் இல்லை என்றால் அடையாள அட்டைக்கு இழுபறி, அட்டை இல்லை என்றால் வங்கிக் கணக்குக்கு இழுபறி, இப்படியே போகும். நியூயார்க்கில் 1992-ல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார்: முதலில் வீடு, சிகிச்சையும் மற்றதும் கூடவே. பின்லாந்து 2008-ல் இதை நாடு தழுவிய திட்டமாக்கி, வீடில்லாதவர்கள் தங்கும் இரவு விடுதிகளை ஒவ்வொன்றாக வாடகைக் குடியிருப்புகளாக மாற்றியது. ஹெல்சின்கியில் 1985-ல் 2,121 விடுதிப் படுக்கைகள் இருந்தன, 2016-ல் மிஞ்சியது 52. கனடாவில் 5 நகரங்களில் வீடில்லாத சுமார் 2,000 பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சோதனையின் கடைசி ஆறு மாதமும் தொடர்ந்து வீட்டில் இருந்தவர்கள், இந்த முறையில் 62 சதவீதம், வழக்கமான உதவியில் 31 சதவீதம். எல்லோருக்கும் பலித்துவிடவில்லை, அதையும் மறைக்க வேண்டாம்.

சரி, நாம் என்ன செய்யலாம்? தலை எண்ணுவதை நிறுத்திவிட்டு, அவரவர் சம்மதத்தோடு பெயர் எழுத ஆரம்பித்தோம். எண்ணிக்கையாக இருந்தபோது மலைப்பாக இருந்தது, பெயராக எழுதியதும் ஒவ்வொருவருக்கும் எது முட்டுக்கட்டை என்று பிடிபட்டது. ஒருவருக்குக் காகிதமெல்லாம் மழையில் போய்விட்டது. இன்னொருவரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள், போக இடமில்லை. ஒரு அக்கா தினமும் வேலைக்குப் போகிறார், மாத வாடகையை அவரே கட்டிவிடுவார், மொத்தமாக அட்வான்ஸ்தான் புரட்ட முடியவில்லை, அந்த ஒரே காரணத்துக்காக மகளோடு பேருந்து நிலையத்தில் படுக்கிறார்.

முதலில் ஒரு பெரியவருக்கு நாங்களே கைக்காசு போட்டு ஒரு அறை பிடித்தோம். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கட்டில் இருந்தும் பல நாள் கதவுக்குக் குறுக்கே தரையில்தான் படுத்தார், செருப்பைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு. ஒரு நாள் நாங்கள் போனபோது செருப்பு வாசலுக்கு வெளியே கிடந்தது.

நீங்கள் கொடுக்கும் பணம் அட்வான்ஸுக்கும், முதல் சில மாத வாடகையில் குறைகிற தொகைக்கும், வாரம் ஒரு முறை போய்ப் பார்த்து மருத்துவமனைக்கும் அலுவலகங்களுக்கும் கூடவே அலைகிற ஓர் ஆளின் சம்பளத்துக்கும் போகும். அட்வான்ஸ் கரைந்துபோகிற பணம் இல்லை. அவர் அந்த வீட்டைக் காலி செய்யும்போது நிதிக்கே திரும்பி வரும், அடுத்த பெயருக்குப் போகும். ஒரே தடவை பெரிய தொகையைவிட மாதாமாதம் சின்னத் தொகைதான் எங்களுக்கு வசதி, ஏனென்றால் வீட்டுக்காரரிடம் அடுத்த மாதத்துக்கும் சேர்த்து வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பொருளாளரிடம் கொடுத்துக் கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதக் கூட்டத்தில் வாசிக்கப்படும், குடியேறியவர்களின் பெயர் மட்டும் வாசிக்கமாட்டோம்.

காலி அறை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பேசுங்கள். வாடகை தவறினாலோ சுவரில் ஆணியடித்துப் பாழாக்கினாலோ குழு பொறுப்பு, எழுதியே தருகிறோம். பெயின்ட் அடிக்க, குழாய் மாட்டத் தெரிந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் அதுவே பெரிய தொகை. பாத்திரம், பாய், மின்விசிறி எல்லாம் சரி. பழைய துணி மட்டும் வேண்டாம், போன தடவை வந்ததே செயலாளர் வீட்டு மாடியில் மூட்டையாகக் கிடக்கிறது.